சங்கு இல்லாத சுவர்

கடலூர் ஓ.டி.
14-8-1966

அன்புள்ள அமராவதிக்கு அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். உன் சளி விட்டதா?

புன்னைக்குப்பத்தில் நம் கருவாட்டு மண்டிக் கம்பெனி கட்டிய பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மேட்டு மணலில், கெட்டிச் சுவர், மேலே தளம். பகலில் பெண்பிள்ளைகள் படிக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று எழும்பினால் குப்பமே உள்ளே ஒண்டிக்கொள்ளட்டும். தர்மம் என்று நினைக்காதே. குப்பம் நின்றால்தான் மீன், மீன் வந்தால்தான் மண்டி. வாசலுக்கு மேலே நம் பச்சைச் சங்கு மார்க்கைப் பெரிதாக வரையச் சொன்னேன். கடலிலிருந்தே தெரிகிறது.

இங்கே முடிப்பவர்கள் இந்தக் குப்பத்துப் பொன்னியைப் போல நீ நடத்தும் ஹாஸ்டலுக்குத்தான் வருவார்கள், கம்பெனிச் செலவில். இடம் வைத்திரு.

ஒரே குறை, திறந்து இத்தனை நாளாகியும் ஒரு பிள்ளை வரவில்லை. டீச்சர் ஈ ஓட்டுகிறாள். காரணம் தெரியவில்லை.

உன் அண்ணன்,
தட்சிணாமூர்த்தி

சிதம்பரம்
22-8-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

காரணம் நேற்று இங்கே வந்தது. பொன்னியின் அம்மா குப்பு, பிள்ளையை அழைத்துப்போக வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"வலை குடுக்குறாரு, கட்டுமரத்துல சங்கு போடுறாரு. சங்கு போட்ட மரத்து மீனு வேற மண்டிக்குப் போவ முடியுமா, சொல்லுங்கம்மா? இப்பப் பள்ளிக்கூடத்துலயும் சங்கு. அவரு செலவுல படிக்கிற பொண்ணு நாளைக்கு அவரு கருவாட்டுக் களத்துலதான கெடக்கணும்?"

பொன்னி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். எட்டாவதில் கணக்கில் அவள்தான் முதல். கொஞ்சம் பொறு என்று குப்புவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சங்கை அழித்துவிடுங்கள் அண்ணா.

அமராவதி

கடலூர் ஓ.டி.
26-8-1966

அமராவதிக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். காசு என்னுடையது, சுவர் என்னுடையது. ஒரு சங்கு இருந்தால் குடியா முழுகிவிடும்? கட்டினவன் யாரென்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? பெண்களைக் களத்தில் கட்டிப்போடும் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. குப்புவிடம் சொல்லு. அழிக்கமாட்டேன்.

தட்சிணாமூர்த்தி

சிதம்பரம்
30-8-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இந்தத் தடவை என்னால் நிறுத்த முடியாது. பொன்னி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள்.

அமராவதி

கடலூர் ஓ.டி.
3-9-1966

அன்புள்ள அமராவதிக்கு,

போனேன். குப்பு தலைக்கூடையை இறக்காமலே பேசினாள்.

"மொதலாளி, ஒங்க வார்த்தைய நம்புறேன். ஒங்களுக்கு அப்புறம் மண்டியில ஒங்க புள்ள உக்காருவாரு. அவரு ஒங்க வார்த்தையப் பாப்பாரா, சங்கப் பாப்பாரா?"

வாய் வார்த்தையை நம்பி நானும்தான் யாருக்கும் சரக்கு கொடுத்ததில்லை.

உடனே சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். ஒரு பூச்சுக்குப் பச்சை மறையவில்லை. குப்புவே சுண்ணாம்பு மட்டையைப் பிடுங்கி இன்னொரு பூச்சு பூசினாள். "மொதலாளி மார்க்கு கெட்டி மார்க்குதான்" என்று ஒருத்தி சொல்ல, பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். என் எதிரிலேயே. பள்ளிக்கூடச் சாவியை ஊர்ப் பஞ்சாயத்திடம் கொடுத்துவிட்டேன்.

குப்பு நாளைக்கு வரமாட்டாள். பொன்னியைப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லு.

உன் அண்ணன்,
தட்சிணாமூர்த்தி

கடலூர் ஓ.டி.
20-11-1966

அன்புள்ள அமராவதிக்கு,

காற்று ஓய்ந்தது. குப்பத்தில் குடிசைகள் படுத்துவிட்டன. கட்டுமரங்கள் சில போயின. ஆள் ஒன்றும் போகவில்லை. ஊரே பள்ளிக்கூடத்துக்குள் இருந்தது, ஆடு கோழியோடு. புழுக்கை அள்ளிய பிறகு வகுப்பு ஆரம்பித்தாயிற்று. பொன்னியின் தங்கை முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

புது வலை கொடுக்கப்போகிறேன். மரத்தில் சங்கு போடுவேன், அது வியாபாரம்.

நேற்று குப்பு ஒரு வஞ்சிரத்தைக் கொண்டுவந்து நம் வாசலில் வைத்தாள். பழக்க தோஷம், "என்ன விலை?" என்று கேட்டுவிட்டேன்.

"தராசு இல்லாம ஒரு மீனு வாங்கத் தெரியலியா ஒங்களுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உன் அண்ணி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் குப்பத்திலிருந்து எடை போடாமல் என் வீட்டுக்குள் வந்த முதல் மீன் அதுதான். குழம்பில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

உன் அண்ணன்,
தட்சிணாமூர்த்தி