ஷெட்டே வந்திருக்கிறது

ஜனவரி 6
எங்கள் பண்ணை ஷெட்டில் தடுப்பூசி போட்ட கோழிகளுக்கு இன்று டைட்டர் பார்க்க ரத்தம் எடுத்தோம். போட்ட மருந்துக்கு உடம்பு எவ்வளவு எதிர்ப்பைக் கட்டியிருக்கிறது என்று அதில் தெரியும். தம்பி தமிழரசு இறக்கையைப் பிடித்துக்கொள்ள, நான் எடுத்தேன். சேந்தமங்கலத்தில் இதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

ஜனவரி 9
சேலத்தில் ரத்தநோய் டாக்டரம்மாவிடம் அதே பேச்சு, இந்த முறை எனக்கு! மூன்று வருடமாக என் ரத்தத்தில் வேண்டாத புரதம் ஒன்று இருக்கிறது. புற்றுநோய் இல்லை. புற்றாக மாறலாம், கடைசிவரை மாறாமலும் இருக்கலாம். அப்பாவுக்கு முதுகெலும்பு நொறுங்கிய பிறகுதான் புற்று என்றே தெரிந்தது. எனக்கு மாறுமா மாறாதா — வேறு நினைப்பே கிடையாது.

இப்போது ஓர் ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்திருக்கிறார். ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். நன்றாக ஏறினால் நோய் முற்றும் வாய்ப்பு குறைவாக இருக்கலாம். "இருக்கலாம்தான், உறுதி இல்லைங்க" என்றார். எனக்கு முன்பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. மனுசிக்கு டைட்டர்!

ஜனவரி 10
ஊசி போட்டாயிற்று. தம்பியையும் நச்சரித்துப் போடவைத்தேன். கை வலிக்கிறது. வலித்தால் நல்லதுதானே?

பிப்ரவரி 10
ஒரு கோழியை வைத்து முழு ஷெட்டைப் பற்றிச் சொல்லிவிட முடியுமா? அதனால் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய், இதையே சொல்லி, இவன் ரத்தத்தையும் பாருங்கள் என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் தனி ஆட்கள் இருக்கிறார்களாம். அப்பாவின் கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கூடப்பிறந்தவர் என்றால் புரதத்தையும் பார்த்துவிடலாம் என்றார். நாளெல்லாம் கோழி பிடிக்கிறவன், ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

பிப்ரவரி 19
ஏறிவிட்டது! ஊசிக்கு முன்னால் இருந்ததைப் போல நாலு மடங்குக்கும் மேலே! போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குள் நின்றே அழுதேன். கோழிகள் எல்லாம் மிரண்டுவிட்டன.

நாளைக்குத் தம்பியை அழைத்து வரச் சொன்னார்கள். அவனுக்கு என்னைவிடக் குறைவோ? வருடம் முழுக்கக் கேலி செய்யலாம்.

பிப்ரவரி 20
அவனுக்கும் இருக்கிறது. அதே புரதம்.

நான்தானே இழுத்துக்கிட்டுப் போனேன். எனக்கெதுக்கு இந்த வேலை? சும்மா இருந்திருந்தா அவனாவது நிம்மதியா இருந்திருப்பானே.

பிப்ரவரி 21
காலையில் பண்ணைக்கு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், விடவில்லை.

"அப்பன ஆரும் பாக்காம உட்டுட்டோம். என்னையப் பாத்துட்டியேக்கா."

இரண்டு பேரும் தீவனம் வைக்கப் போனோம்.

மார்ச் 3
அவனுடைய முடிவுகள் முழுதாக வந்துவிட்டன. புரதம் என்னைவிடக் குறைவு. டைட்டர் என்னைவிட அதிகம்! கேலி செய்வது இப்போது அவன். செய்யட்டும். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் ஒரே நாளில் வரவேண்டும்.

செப்டம்பர் 4
சேலம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டேன், கிடைத்தது. ரத்தம் எடுக்கும் பெண், நோயாளி யார் என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான்.

"ஷெட்டே வந்திருக்குதுங்க. என்கிட்டயிருந்து ஆரம்பிங்க."

கண்ணை மூடவில்லை.