ஏழு சிரப் பாட்டில்கள்

என் உயிரான பூவாத்தா அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் மகள் கலைச்செல்வி அணை வேலைச் சோதனையில் தேறிவிட்டாள்! இதை நானே என் கையால் எழுதுகிறேன். தோட்டத்து முதியோர் வகுப்பில் ஒரு வருடமாக எழுத்துப் படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டுமே, எனக்கென்ன அவசரம்?

நான் வேலை பார்த்த சின்ன அணையில் போன வாரம் ஒரு கூட்டம். அணை உடைவதாக இருந்தால் எந்தெந்த வழியில் உடையும் என்று முன்பே உட்கார்ந்து யோசிக்கும் கூட்டம். நடத்தியவள் நம் கலைச்செல்வி. அதை நடத்த எஞ்சினியர் படிப்பு மட்டும் போதாதாம். பல வருடம் அணைகளில் வேலை பார்த்திருக்க வேண்டும். மற்றவர்கள் நடத்தியதில் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். அந்த அணையைக் கட்டியவராக இருக்கக் கூடாது. எல்லாரையும் பேச வைக்க வேண்டும், ஆனால் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. சின்ன வயதில் உன்னையே பேச விடாதவளால் இது முடியுமா?

அவள் நடத்துவதைப் பார்க்க கோலாலம்பூரிலிருந்து நரைத்த தலைப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் இனி அவள் தனியாக நடத்தலாம்.

தண்ணீர் அளந்த பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் எழுந்து முதலில் சொன்னது: “இவர் என் சொந்தத் தாய்மாமா. யாருக்காவது சரியில்லன்னு பட்டா இப்பவே சொல்லிருங்க, நான் விலகிக்கிறேன்.” நல்லவேளை, யாரும் மறுக்கவில்லை.

அணையின் அடியில் கசியும் தண்ணீர் தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறதோ என்று பார்க்க வேண்டும். அணை மானேஜர் தாள்களைப் புரட்டி, “ரெக்கார்டுல கலங்கல்னு ஒன்னுமே இல்ல லா,” என்றார்.

“அளந்தவர் என்ன சொல்றாரு?” என்று கேட்டுவிட்டு அவள் சும்மா நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

கடைசியில் நான் சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. எத்தனை லிட்டர் என்று போடுவேன், கலங்கல் என்று எழுத வராது. அதை வெளியே சொல்ல வெட்கம். கலங்கிய நாளில் நம் வீட்டுக் காலி சிரப் பாட்டில் ஒன்றில் பிடித்து அணை ஷெட்டில் வைத்துவிடுவேன்.

“சிரப் பாட்டில எல்லாம் எங்கடா கொண்டு போற? சம்சுச் சாராயம் ஊத்தி வச்சிருக்கியா?” என்று எத்தனை நாள் ஏசினாய்! இப்போது தெரிந்ததா?

எல்லாரும் ஷெட்டுக்கு நடந்தோம். ஏழு பாட்டில், ஏழின் அடியிலும் மண்.

“எந்தெந்த வருஷம்?” என்றார் மானேஜர்.

“இது கலைச்செல்விக்குக் காது குத்துன வாரம். இது அவ கணக்குல பெயிலான வாரம்.”

ஷெட்டே சிரித்தது. அவள் முகம் சிவக்க எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

“மழைத் தண்ணி மண்ணோட அளக்குற இடத்துக்குள்ள வழிஞ்சிருக்கும் லா,” என்றார் மானேஜர். அதையும் எழுதிக்கொண்டாள். எது சரி என்று அறிய மண்ணைச் சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியவர் கையெழுத்துப் போட்டார். “கேட்டுட்டுச் சும்மா நிக்கத் தெரியுது. அது போதும்,” என்றார்.

திரும்பும்போது கம்போங் ராஜா கடைத்தெருவில் தேநீர் குடித்தோம். “உனக்கு என்னம்மா தோணுது, அணை மண்ணா, மழையா?” என்று மெல்லக் கேட்டேன்.

“நடத்துறவ சொல்லக் கூடாது மாமா.”

“மாமாகிட்ட கூடவா?”

“மாமாகிட்ட கூடத்தான்.”

யாருடைய பிடிவாதம் அது, அக்கா?

பாட்டில்களுக்குச் சீட்டு எழுதும் வேலையை எனக்கே கொடுத்தார்கள். ஏழிலும் ‘கலங்கல்’ என்று எழுதி ஒட்டினேன். ஐந்தாவது, நீ எங்களை விட்டுப் போன அந்த வாரத்தில் பிடித்தது. அதில் உன் பெயரையும் எழுதினேன். பூவாத்தா. நான்கே எழுத்து, ஒன்றும் கோணவில்லை.

இனி வீட்டிலிருந்து எதை எடுத்தாலும், வெறும் பாட்டிலே ஆனாலும், உன் படத்தின் முன் நின்று எதற்கென்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். இது சத்தியம்.

உன் தம்பி,
கலைச்செல்வியின் தாய்மாமன்,
மாணிக்கம்