அப்பாவுக்குக் கேட்டது

அன்பு மகள் தாரணிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், இதை முதலில் நம்பிக்கொள், பிறகு மேலே படி. நாகசாகியில் வெயிலோ மழையோ, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

பேத்தை மீனின் விஷத்தை அளந்து யாருக்கு என்ன பயன், ஆராய்ச்சியை விட்டு வந்துவிடுகிறேன் என்றாயே, அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்ல வரவில்லை, எனக்குப் பேச்சைவிட எழுத்துத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றேனே, அது காய்ச்சல் இல்லை, பேத்தை. நண்டு வலைக்கு இரை வைக்க யாரோ அதை அறுத்திருக்கிறார்கள், அதன் சினை நாம் வறுக்கும் மடவை மீன் சினையோடு ஒரே கூடையில் கலந்துவிட்டது. ஆடி வெள்ளி என்பதால் நான் கவிச்சி தொடவில்லை, வறுத்து வைத்ததை அப்பா ஒருவரே சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில், மாரி, உதடு மரத்துக்கினு வருது என்றார், பிறகு நாக்கு, பிறகு கால். இந்த விஷத்தை மீன் தானாக உண்டாக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்களிடமிருந்து இரை வழியாக ஏறி வருகிறது என்றும், தின்றவனுக்கு உதட்டில்தான் தொடங்கும் என்றும் நீ முன்பு சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் இறங்கியதும் டாக்டரிடம் பேத்தை என்றுதான் முதலில் சொன்னேன். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள்.

அதன்பின் அப்பா அசையவில்லை, இமைகூட. கரையில் ஏற்றி வைத்த மீன்பிடி போட்டு மாதிரிக் கிடந்தார். உன் பங்கஜம் அத்தை வந்து, வருஷக்கணக்காகப் பேசாத தம்பியை என் ராஜாவே என்று ஒப்பாரி எடுத்தாள், நான் அவள் வாயைப் பொத்தி, அண்ணி, அவருக்குக் காது கேக்குது என்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். உடம்புதான் கட்டிப்போட்டதுபோல் கிடக்கும், உள்ளே ஆள் விழித்திருப்பான், மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டால் எழுந்துவிடுவான் என்று நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்காரர்கள் விட்டபோதெல்லாம் உள்ளே போய் அவர் காதருகே பேசினேன். உன்னைப் பற்றி, படித்த கதைகள், மீன் விலை, வாயில் வந்ததெல்லாம். யாரிடமும் சொல்லாத ஒன்றும் வந்துவிட்டது. கடல்காரருக்கு வாக்கப்பட்டும் அலைக்கு அந்தப் பக்கம் நான் ஒருநாளும் போனதில்லை, அங்கிருந்து நம் கரை எப்படி இருக்கும் என்று கனவில்தான் பார்க்கிறேன் என்றேன்.

மறுநாள் விரல் அசைந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் கபாலி மாமாவைக் கூப்பிட்டு, இன்னா மச்சான், என் போட்டு இஞ்சினு இன்னா ரேட்டுக்குப் போவும் என்று கேட்டார் பார், மாமா முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்று அவன் அதைத்தான் பேசியிருக்கிறான். அத்தையிடம், ராஜான்னு சொல்லுவன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு நாள் படுத்துக்கினு இருந்திருப்பேன் என்றார், அவளுக்கு அழுகையும் சிரிப்பும். இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். நான் பேசியது கேட்டதா என்றால் மட்டும், மாரி, அது ஒண்ணும் கேக்கல என்று வலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நேற்று விடியலில் என்னை எழுப்பி, பொடவையத் தூக்கிச் செருவிக்கினு வா என்றார். எங்கே என்று கேட்பதற்குள் போட்டருகே போய்விட்டார். அலையைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இஞ்சினை நிறுத்தியிருந்தார், சத்தமே இல்லை. சாந்தோம் கோபுரம் நகம் அளவு வெள்ளையாக, கலங்கரை விளக்கம் ஒரு குச்சியாக, நம் வீடு எதுவென்றே தெரியவில்லை, எல்லாமே தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கிறது தாரணி. நீ சொன்னது அத்தனையும் சரி.

எங்களைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வா, வேலையை விட்டுவிட்டு வராதே. அந்த மீன்களை அறுக்கும்போது கையுறையை மறக்காதே, அந்தக் கையால் கண்ணைத் தொடாதே. முண்டகக்கண்ணி அம்மன் உன் பக்கத்திலேயே இருப்பாள், தொட்டதெல்லாம் துலங்கி நன்றாக இருப்பாய்.

பட்டினப்பாக்கத்திலிருந்து,
உன் அம்மா முத்துமாரி