விலாங்குச் சாறு

தேஜன்,
தென்கொரியா,
2023 ஜூன் 11

என்னங்க,

நான் நலம். நீங்கள் நலமா என்று போனில் கேட்டால் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் காகிதம். கடையில் கூட்டம் இல்லை. மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கியோங்சாங் பக்கத்து ஆண்கள் வீட்டுக்கு வந்தால் மூன்றே வார்த்தைதான் பேசுவார்கள் என்று ஊரே கேலி செய்யும். "பிள்ளைங்க? சோறு. படுக்கலாம்." நமக்குப் பிள்ளை இல்லை, முதல் வார்த்தைக்கு வேலையில்லை. மூன்றாவதை நீங்கள் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆக, சோறு மட்டும்தான் மிச்சம்.

சண்டை போட எழுதவில்லை. அப்பா போன பிறகு எழுந்திருக்காமல் கிடந்தேனே, மனச்சோர்வுக்குக் கொடுத்த அந்த மாத்திரைதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. அந்த நன்றியை மறக்க மாட்டேன். ஆனால் எழுப்பிய கையோடு ஒன்றை எடுத்துக்கொண்டும் போய்விட்டது. மாத்திரையை நிறுத்தினால் தானாகத் திரும்பும் என்றார்கள். போன வருடமே நிறுத்தியாயிற்று, திரும்பவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, நீங்கள் தொட்டால் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான். ஆசை என்ற ஒன்றின் முகமே மறந்துபோய்விட்டது. உங்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துத்தான் கோஜே கப்பல் கட்டும் தளத்து வேலைக்குப் போனீர்களோ என்னவோ.

மூன்று தலைமுறை புண்ணியம் செய்திருந்தால்தான் வாரக்கடைசியில் மட்டும் புருஷன் முகம் பார்க்கும் பாக்கியம் கிடைக்குமாம். கடைக்கு வரும் பெண்கள் சொல்லிப் பொறாமைப்படுகிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

வைத்தியம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப்போகிறேன். செப்டம்பர் கடைசியில் வரும் சூசோக் அறுவடைப் பண்டிகைக்குள் ஒன்றும் சரியாகவில்லை என்றால் உங்களை விட்டுவிடுகிறேன். வேறு ஒருத்தியோடு குழந்தை குட்டி என்று நீங்கள் வாழ வேண்டும். யோசியுங்கள்.

போன முறை வந்தபோது உங்கள் அறையில் ஒரே மீன் நாற்றம். சன்னலைத் திறந்து வையுங்கள்.

உன்சோல்


கோஜே,
ஜூன் 22

உன்சோல்,

கடிதம் வந்தது. எனக்கு இரும்பைப் பற்றவைக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது. பொறுத்துக்கொள்.

விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நான் என்ன கட்டிப்போட்ட மாடா, அவிழ்த்துவிட?

மூன்றாவது வார்த்தையைச் சொல்லாதது வெறுப்பினால் இல்லை. கடைசியாகச் சொன்னபோது நீ "சரி" என்று எழுந்து விளக்கை அணைத்தாய். கடைக்கு வருகிறவர்களிடம் "உக்காருங்க" என்பாயே, அதே குரல். அதற்குப் பிறகு எனக்கு நாக்கு எழவில்லை. இங்கே வந்தது உன்னை விட்டு ஓட அல்ல. பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் ஏங்குவதை நீ பார்த்தால், கடனே என்று மறுபடி "சரி" சொல்வாய் என்று பயந்துதான் வந்தேன்.

மருத்துவரிடம் உன்னோடு வர வேண்டும். கப்பலை ஒப்படைக்கும் நேரம், விடுப்பு கிடையாது. போய்விட்டு வந்து எல்லாவற்றையும் எழுது.

சன்னல் திறந்துதான் இருக்கிறது. அந்த நாற்றம் போகாது.

சாப்பிட்டாயா?

தேக்யோங்


தேஜன்,
ஜூலை 19

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே படித்துவிட்டு, கண்ணாடி துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வைத்தியக் கதையைக் கேளுங்கள்.

முதலில் மாத்திரை எழுதிக்கொடுத்தவரிடமே போனேன். மனச்சோர்வு திரும்ப வருகிறது, இது அதன் அறிகுறி, அதே மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார். நான் பாட்டுப் பாடிக்கொண்டு கடை திறக்கிறேன் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. அடுத்து மூலிகை வைத்தியர். நாடி பிடித்துப் பார்த்து, உள்ளே குளிர் ஏறியிருக்கிறது என்றார். வயிற்றில் ஊசி குத்தி, மூலிகைப் புகை காட்டி, கசப்புக் கஷாயமும் கொடுத்தார். வயிறு நன்றாகச் சூடானது. வேறு எதுவும் சூடாகவில்லை.

பிறகு சியோலுக்குப் போனேன். மருத்துவர் என் வயதுப் பெண். எப்போதிலிருந்து, எங்கே மரத்திருக்கிறது என்று கூச்சமில்லாமல் கேட்டு, ரத்தமும் சோதித்தார். அதில் குறை ஒன்றுமில்லை. கடைசியில் சொன்னார்: "இது உங்க கற்பனை இல்லை. மாத்திரையை நிறுத்தின பிறகும் இப்படி இருக்குன்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா இதைக் கண்டிப்பா குணமாக்கும்னு சொல்ல இன்னிக்கு என்கிட்ட மருந்து இல்லை. பொய் சொல்லி உங்களை அலையவிட மாட்டேன்."

அங்கேயே அழுதுவிட்டேன். இல்லை என்று சொன்னதற்காக இல்லை, நம்பினாரே என்றுதான். வேறு வகை மருந்து ஒன்று சிலருக்கு உதவியிருக்கிறதாம், எல்லோருக்கும் இல்லை. அதைப் பார்க்கலாம் என்றார், சரி என்றேன். முன்பைவிட இப்போது தேவலையா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாராம். கடையில் நான் கேட்பதுதான், இந்தக் கண்ணாடியில் தெளிவா அந்தக் கண்ணாடியில் தெளிவா என்று. இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது என்பவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வரும். இனி வராது.

ஆசைப்பட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்ல?

உன்சோல்


தேஜன்,
செப்டம்பர் 8

என்னங்க,

அந்த மருந்து எனக்குச் சரிப்படவில்லை. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் போய்விட்டது, மற்றது அப்படியே கிடக்கிறது. மருத்துவரே நிறுத்தச் சொல்லிவிட்டார். தானாகச் சரியாகிறவர்களும் உண்டு, பொறுங்கள் என்கிறார். நான் பொறுப்பேன். உங்களை எத்தனை காலம் பொறுக்கச் சொல்ல?

சூசோக் முடிந்ததும் பிரிவுக்கான பத்திரங்களைப் பார்ப்போம். மில்யாங்கில் உங்கள் அம்மா வீட்டுக்குக் கடைசியாக ஒரு தடவை வந்து அத்தைக்குச் சமையலில் ஒத்தாசை செய்கிறேன். அதுவரை அவர்களிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.

உன்சோல்


கோஜே,
செப்டம்பர் 15

உன்சோல்,

பத்திரம் கித்திரம் என்ற பேச்சே வேண்டாம். ஆனால் இந்த முறை நீ மில்யாங்குக்கு வராதே. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். காரணம் கேட்காதே.

தேக்யோங்


தேஜன்,
செப்டம்பர் 25

என்னங்க,

வராதே என்ற கடிதத்தைப் பார்த்து, உங்கள் வீட்டுக் கதவை எனக்குச் சாத்திவிட்டீர்கள் என்றே நினைத்தேன். ஒரு வாரம் உங்களைத் திட்டிக்கொண்டுதான் திரிந்தேன்.

நேற்று அத்தை கடைக்கே போன் செய்தார்கள். சூசோக்குக்கு வரப்போவதில்லை என்ற மருமகளை வறுத்தெடுக்கப்போகிறார்கள் என்று பயந்து எழுந்து நின்றுகொண்டு பேசினேன். அவர்கள் அழுதார்கள்.

"உன்சோல்மா, நீ வரலைன்னது நியாயம்தான். உங்களுக்கு ஏன் குழந்தை இல்லைன்னு உன்னையே நேர்ல கேக்கலாம்னு வசந்தத்துல பெட்டி கட்டினேன். அவன்தான் தடுத்து, குறை என்கிட்டதான்மா, அவளை ஒரு வார்த்தை கேக்காதேன்னுட்டான். அதிலேருந்து ஆம்பளைத் தெம்புக்குன்னு மாசாமாசம் விலாங்கு மீன் சாறு காய்ச்சி, வாலெல்லாம் சேர்த்துப் பொட்டலம் போட்டு அனுப்பறேன். குடிக்கறானா, ஏமாத்தறானா? என் பிள்ளையை இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோடி."

விலாங்கைக் கண்டாலே குமட்டும் உங்களுக்கு. முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மாப்பிள்ளைக்குத் தெம்பு வேண்டும் என்று அப்பா எடுத்து வைத்த வால் துண்டைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு போன ஆள் நீங்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பார்கள். அம்மாவுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் காட்டிவிட்டு, அந்த விலாங்கையே குடித்துக்கொண்டும் இருந்திருக்கிறீர்கள். அம்மாவும் நானும் பேசினால் குட்டு உடையும் என்றுதானே வராதே என்றீர்கள். தளத்து ஆட்கள் அந்தப் பொட்டலங்களைப் பார்த்து என்னவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்கள்!

அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மாத்திரை, மரத்துப்போனது, சியோல் மருத்துவர், எல்லாம். பிறகு கேட்டார்கள்: "அப்ப அவனுக்கு நான் அனுப்பினதெல்லாம் வீணா?"

"வீணில்லை அத்தை" என்றேன்.

போனை வைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. தப்பாக நம்பிவிடாதீர்கள், உடம்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் என்பேன். ஆனால் நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அழுகையாக வந்தது. இரும்புப் புகையும் மீன் நாற்றமும் அடிக்கும் உங்கள் சட்டை என் முகத்தருகே வேண்டும் போல இருந்தது. இப்படி ஒன்று எனக்குள் மிச்சம் இருப்பதே தெரியாமல் உங்களை விடப் பார்த்தேன்.

பத்திரம் பற்றி எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். அடுத்த முறை கணவரையும் அழைத்து வாருங்கள் என்று சியோலில் சொல்லியிருக்கிறார்கள். விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள்.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்; புதன்கிழமை பஸ்ஸில் கோஜே வருகிறேன். அங்கிருந்து சேர்ந்தே மில்யாங் போவோம். மீதிப் பொட்டலங்களைக் கொட்டிவிடாதீர்கள், ஆளுக்குப் பாதி குடிப்போம்.

சோறு நான் கொண்டு வருகிறேன், அதைக் கேட்க வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் மூன்றாவது வார்த்தையைச் சொல்லுங்கள். எனக்குச் "சரி" என்று வருமா, "இன்னிக்கு வேண்டாம்" என்று வருமா, தெரியாது. எது வந்தாலும் அந்தக் கடைக் குரலில் வராது. நீங்கள் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
உன்சோல்