அட்டையில் அச்சான பெயர்

ஒலிஃபன்ட், பென்சில்வேனியா
மே 1911

அன்பு மகன் ஷ்டெஃபனுக்கு அப்பா எழுதுவது.

ஆமாம், நானேதான். பாதிரியாரிடம் சொல்லி எழுதவில்லை. தேவாலயத்தில் கிழவர்களுக்கும் எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். நிலக்கரி வெட்டிய விரல்களில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவில் போனால் கடைப் பலகைகள் எல்லாம் என்னிடம் பேசுகின்றன!

சிகரெட் பெட்டியில் வந்த, உன் படம் போட்ட பேஸ்பால் அட்டையை அம்மா மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். எவ்வளவு அழகான வேலை! பின்னால் ஆரஞ்சு வானம். கண்ணருகே கொண்டுபோனால் உன் கன்னமெல்லாம் சிவப்புப் புள்ளிகள். தள்ளிப் பிடித்தால் உயிருள்ள முகம். சுரங்கத்தில் நெற்றியில் அடிபட்டு, கரித்தூள் ஏறி ஆறிய நீலத் தழும்பை மட்டும் ஓவியன் விட்டுவிட்டான். அழகுக்காகச் செய்திருப்பான்.

இரண்டு வருடமாக அதை மதுக்கடையில் எல்லோருக்கும் காட்டினேன். கடைக்கார மல்ராய், “யோவ் ஹுடாக், இவன் எப்படிய்யா உன் புள்ளையாவான்?” என்று சிரிப்பான். என் மூஞ்சியைத்தான் கேலி செய்கிறான் என்று நினைத்து, “அவன் அம்மா ஜாடைடா!” என்று நானும் சிரித்தேன்.

போன வாரம் அம்மா, “படிக்கத்தான் கத்துக்கிட்டீங்களே, எம்புள்ள பேரைப் படிங்க கேப்போம்” என்று அட்டையை நீட்டினாள். எழுத்துக்கூட்டினேன். ஹட்சன். மறுபடியும் கூட்டினேன். ஹட்சன்தான், இங்கிலீஷ்காரப் பெயர். ஓவியன் பெயரை மாற்றியிருக்க மாட்டான். கம்பெனிக்காரனிடம் சொன்னது நீ.

“ஷ்டெஃபன் ஹுடாக்” என்று படித்துக் காட்டினேன். அவள் எழுத்துகளின் மேல் விரலை வைத்துத் தடவினாள். வாழ்நாளில் நான் முதன்முதலாக உரக்கப் படித்தது பொய்.

இந்தக் கடித உறைமேலும் ஹட்சன் என்றே எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் உன் கைக்கு வராதாம், ஆசிரியை சொன்னார்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை உங்கள் அணி பக்கத்து ஊர் ஸ்க்ராண்டனில் ஆட வருகிறதாம். அம்மா புதுத் தலைத்துணி தைத்துவிட்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கூட்டம் முழுக்க உன்னை ஹட்சன் என்று கத்தும். அவளுக்கு அது புரியாது. யாரோ வேறொருவன் என்று நினைத்துக்கொள்வாள்.

கடவுள் உன் கைகளைக் காக்கட்டும். அவள் மைதான வேலியோரம் நின்று “ஷ்டெஃப்கோ” என்று உன் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார், மகனே.

உன் அப்பா,
ஆண்ட்ரேய் ஹுடாக்