ரோஜாச் செடிக்கு அடியில் மான்குட்டி

எடிசன், ஜூன் 3, 1997, செவ்வாய்

பின்பக்க ரோஜாச் செடிக்கு அடியில் காலையிலிருந்து ஒரு மான்குட்டி சுருண்டு படுத்திருக்கிறது. அதன் தாய் செத்துவிட்டதென்று மருமகள் கவிதா தானாகவே முடிவு கட்டி, கிண்ணத்தில் பால் வைத்தாள். குட்டி அசையவே இல்லை.

“பாவம் மாமா, அநாதையா கெடக்கு. டவுன்ஷிப் ஆபீசுக்கு போன் பண்ணா வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

“அநாதை இல்லம்மா. தாய் மான், தான் கூடவே நின்னா தன் வாசனைக்கு நரி வந்துடும்னு, ஒளிச்சு வெச்சுட்டு மேயப் போயிருக்கு. நீ பிள்ளைய டேகேர்ல விட்டுட்டு வேலைக்குப் போறியே, அவன யாராவது அநாதைங்கிறாங்களா?”

அவள் முகம் சுருங்கிவிட்டது. மகன் சிரித்தான். “இதெல்லாம் எந்த புக்ல படிச்சீங்கப்பா?”

மூன்று கோடைகளாக ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குப் புத்தகம் எதற்கு? போன வாரம் என் ரோஜா மொட்டுகளையெல்லாம் தின்றவள்தான் அந்தத் தாய். அவள் மேல் எனக்குப் பிரியமொன்றும் இல்லை.

விடிவதற்குள் அவள் வராவிட்டால் போன் செய்வார்களாம். வருகிறாளா என்று பார்க்கப் பின்வாசல் விளக்கை வேறு போட்டு வைத்தார்கள். மரங்களுக்கிடையே இரண்டு முறை அவளுடைய வெள்ளை வால் உயர்ந்தது, உடனே மறைந்தது. வெளிச்சத்தில் எப்படி வருவாள்? சண்டை போட்டு விளக்கை அணைக்க வைத்தேன். எல்லோரும் படுக்கப் போய் வெகுநேரமாகிறது. இன்னும் வரவில்லை.

இப்போதுதான் கவனிக்கிறேன். செடியின் மேல் இன்னும் வெளிச்சம் விழுகிறது. ஜன்னலோரம் நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் மேஜை விளக்கு.

அணைக்கி