மாவுத் தாடையும் தலைக்கு ஊற்றிய தண்ணியும்

என் மைனாக்குட்டிக்கு,

நேத்து உன் கூட்டாளிப் பிள்ளை காரைக்குடியிலருந்து பஸ் ஏறி நம்ம நெற்குப்பைக்கு வந்தா. ஆதிமனுசனைப் பத்தி நீ படிச்ச காலேஜுல உன் மேசையில கிடந்ததை அட்டைப்பெட்டியில கொண்டாந்தா. நோட்டு, சீப்பு, அடியில துணி சுத்தின அந்தத் தாடை எலும்பு.

உன் பெரியப்பா வாசல்லயே மறிச்சுட்டாக. "ஆதிகாலத்து எலும்பைத் தொட்டுத் தொட்டுத்தான் பிள்ளையே போச்சு. இதைக் கொண்டுபோய்க் கண்மாயில போடு"ன்னாக.

"ஐயா, இது எலும்பே இல்ல. நிச எலும்பு மாதிரியே அச்சுல ஊத்துன பிளாஸ்டர் மாவு. நாங்க தொட்டதெல்லாம் இதைத்தான்"னா அந்தப் பிள்ளை.

"மாவுன்னா கொழுக்கட்டை பிடிச்சிருக்க வேண்டியதுதானே? தாடையை எதுக்குப் பிடிச்சீக?"

ஊரு பூரா இதையே சொல்லிக்கிட்டுத் திரியிறாக. அதான் எல்லாரும் படிக்கட்டும்னு எழுதுறேன்.

ஊரைச் சொல்லி என்ன? நீயும், "இது மாவுதாம்மா"ன்னு நூறு தடவை சொன்னியேடி. நான் கேட்டேனா? நீ காலேஜுலருந்து வர்ற ஒவ்வொரு சனிக்கிழமையும் எழவு வீட்டுக்குப் போயி வந்தவ மாதிரி உன்னைக் கொல்லையில நிறுத்தி, தலைக்குத் தண்ணி ஊத்தித்தான் உள்ள விட்டேன். கடைசிச் சனிக்கிழமையும் ஊத்துனேன். உடம்பு அனலாக் கொதிச்சுச்சு. "வெயில்ல வந்தேம்மா"ன்ன. அடிப்பாவி, காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஓயாமப் பேசுற வாயி அன்னைக்கு எங்கடி போச்சு?

உன்னைக் கொண்டுபோனது கொசு கடிச்சு வந்த காய்ச்சல், தண்ணி ஊத்துனதால இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்காக ஆறுமா? உன் மேல கோவம், பெரியப்பா மேல கோவம், தண்ணி மொண்ட இந்தக் கையி மேல அதைவிடக் கோவம்.

எல்லாரும் போனப்புறம் அந்தத் தாடையை மடியில வச்சுப் பாத்தேன். ஒரு பல்லுகூட இல்ல. நீ காட்டுனியே, "பல்லு இருந்த குழியெல்லாம் எலும்பு வளந்து மூடியிருக்கு பாரும்மா. பல்லு போயும் பல வருசம் உசுரோட இருந்திருக்காரு. யாரோ இறைச்சியை நசுக்கி ஊட்டியிருப்பாக போல"ன்னு. நமக்கு முந்துன சனம். லட்சக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி. பேசத் தெரியுமோ தெரியாதோ, ஏலாதவனுக்கு ஊட்டத் தெரிஞ்சிருக்கு. நான் காய்ச்சக்காரியைக் கொல்லையில நிறுத்துனேன்.

அந்தத் தாடை இப்ப சாமி அலமாரியில, விபூதித் தட்டுக்குப் பக்கத்துல இருக்கு. "தீட்டை சாமிக்கிட்டயா வைக்கிற?"ன்னு பெரியப்பா இன்னைக்குக் காலையில கத்துனாக. கத்தட்டும். அது அங்கனதான் இருக்கும். இனி எவளையும் இந்தக் கொல்லையில நிறுத்தித் தண்ணி ஊத்த மாட்டேன். உன் மேல சத்தியம்.

கல்யாணமாகாத பிள்ளைன்னு உன்னை எரிக்காம மண்ணுக்குள்ள வச்சாக. பொம்பளை வரக்கூடாதுன்னு என்னைத் தெருமுனையில மறிச்சுட்டாக. மண்ணுல பல்லு லேசுல மக்காதுன்னு நீதான் சொன்ன. விழுந்து முளைக்கிற பல்லு ஈறுக்குள்ள வளர்ற சின்ன வயசுல பெரிய நோவு வந்தா அதுல கோடு விழும், வளந்த பல்லுல விழாதுன்னும் சொன்ன. அப்ப இந்தக் காய்ச்சல் உன் பல்லுல இருக்காது. மூணு வயசுல அம்மை போட்டு இருபது நாள் என் மடியில கிடந்தியே, அது இருக்கும். என்னைக்காவது எவளாவது உன்னைத் தோண்டி எடுத்துப் பாத்தா, கோட்டுக்கு அப்புறமும் பல்லு வளந்திருக்கே, நோவுலருந்து பிழைச்சிருக்காளே, இவளை ஒருத்தி கண்ணு மூடாமப் பாத்திருக்கான்னு சொல்லுவாளாடி?

உன்னைப் பெத்தவ,
அம்மா